சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்கு உண்மையான வயசு என்ன? தாத்தா சொல்ற "அந்த இன்னொரு கிரவுண்டு" எது?

நீங்க ஒரே கேள்வி மாதிரி கேட்டிருக்கீங்க, ஆனா உள்ள மூணு கேள்வி இருக்கு. ஒன்னு, சேப்பாக்கம் ரொம்பப் பழைய ஸ்டேடியம்ங்கிறாங்க, நேர்ல போய்ப் பார்த்தா எல்லாமே புதுசா இருக்கு, 1865, 1916, 1934னு ஆளாளுக்கு ஒரு வருஷம் போடுறாங்க, எது சரி. ரெண்டாவது, உங்க தாத்தா 1962 பொங்கலுக்கு மெட்ராஸ்ல இங்கிலாந்து டெஸ்ட் பார்த்தேன், ஆனா அது சேப்பாக்கத்துல இல்ல, ரிப்பன் பில்டிங் பின்னாடின்னு சொல்றார், வீட்ல எல்லாரும் அவருக்கு ஞாபகம் தப்புதுன்னு நினைக்கிறாங்க. மூணாவது, டிவில மேட்ச் பார்க்கும்போது மூணு பெரிய ஸ்டாண்டு மட்டும் வருஷக்கணக்கா காலியா கிடந்துச்சே, அது ஏன். மூணுக்கும் வேர் ஒன்னுதாங்க. அந்த மண்ணு யாரோடது, அதுல விளையாடுறது யாரு, கட்டடம் கட்டுற உரிமை யாருக்கு, இந்த மூணும் சேப்பாக்கத்துல எப்பவுமே ஒரே கையில இருந்தது கிடையாது. இதை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க. தாத்தா விஷயத்தை மட்டும் முதல்லயே சொல்லிடுறேன், அவர் சொல்றது நூத்துக்கு நூறு சரி.

நான் இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல சென்னை லீக் மேட்ச்கள்ல ஸ்கோர் போட்டவன். அதுக்கு முன்னாடி கொஞ்ச காலம் கீழ் டிவிஷன்ல விளையாடவும் செஞ்சேன். அதனால ஆட்டம், ஸ்கோர், கிரவுண்டு பத்தி தைரியமா பேசுவேன். லீஸ், கோர்ட்டு விவகாரத்துல நான் வக்கீல் இல்ல, ஊருக்கே தெரிஞ்ச அளவுக்கு மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கிறேன்.

வருஷக் குழப்பத்துக்குக் காரணம், கிரவுண்டும் ஸ்டேடியமும் ஒன்னுன்னு நாம நினைச்சுக்கிறதுதான். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஆரம்பிச்சது 1846. முழுக்க வெள்ளைக்காரங்க கிளப். முதல்ல அவங்க ஆடினது தீவுத்திடல்ல. 1865ல சேப்பாக்கத்துல, நவாப் அரண்மனைக்குப் பக்கத்துல இருந்த நிலத்துக்கு அனுமதி வாங்கி இங்க வந்தாங்க, அடுத்த வருஷமே ஒரு பெவிலியன் கட்டிட்டாங்க. அப்போ கிரிக்கெட் மைதானமா சேப்பாக்கத்தோட வயசு 1865ல இருந்து எண்ணணும். கல்கத்தா ஈடன் கார்டன்ஸுக்கு 1864னு சொல்வாங்க, அதுக்கு அடுத்தது இதுன்னு பேசுறது இந்தக் கணக்குலதான். 1934ங்கிறது இங்க முதல் டெஸ்ட் நடந்த வருஷம். 1916ங்கிறதை நிறைய இடத்துல காப்பி அடிச்சுக்கிட்டே போறாங்க, 1866லயே பெவிலியன் நின்ன கிரவுண்டு எப்படி 1916ல "தொடங்கும்"? அந்த வருஷத்தை ஒதுக்கிடுங்க. நீங்க ஸ்டேடியம்னு நினைக்கிற கான்கிரீட் வட்டம் வந்தது 1970கள்லதான். அதுக்கு முன்னாடி அது மரம் சூழ்ந்த ஒரு கிளப் மைதானம். பெரிய மேட்ச் வந்தா சவுக்குக் கட்டை நட்டு, பலகை அடிச்சு, தற்காலிகமா கேலரி போடுவாங்க, மேட்ச் முடிஞ்சா பிரிச்சிடுவாங்க. இப்ப நாம பார்க்கிற வெள்ளைக் கூரை 2011 உலகக் கோப்பைக்காக வந்தது. ஒரே இடத்துல மூணு வயசு இருக்கு, அவ்ளோதான்.

கிளப் மைதானம்னு சொன்னேன்ல, அதுல ஒரு முள் இருக்கு, அதைச் சொல்லாம இந்த வரலாறு முழுசாகாது. அந்தக் காலத்துல சேப்பாக்கத்துல ஆட வர்ற இந்தியர்களை பெவிலியனுக்குள்ள விட மாட்டாங்க. மதியச் சாப்பாட்டை மரத்தடில உக்காந்து சாப்பிடணும். இதைச் சகிக்க முடியாமத்தான் புச்சி பாபு நாயுடு 1888ல மெட்ராஸ் யுனைட்டட் கிளப்பை ஆரம்பிச்சு, நம்ம பசங்களுக்கு மட்டை, பந்து எல்லாம் குடுத்து ஆட வச்சார். மெட்ராஸ்ல இந்தியர்கள் கிரிக்கெட்டுக்கு அப்பான்னா அவர்தான். வெள்ளைக்காரங்களும் இந்தியர்களும் நேருக்கு நேர் மோதுற பிரசிடென்சி மேட்ச்சுக்கு ஏற்பாடு பண்ணினதும் அவரே, ஆனா 1908ல அது நடக்கும்போது அவர் உயிரோட இல்ல. 1915-16ல இருந்து அது வருஷா வருஷம் பொங்கலுக்கு நடக்க ஆரம்பிச்சது. மெட்ராஸ்ல பொங்கலும் கிரிக்கெட்டும் ஒட்டிக்கிட்டது அப்போதான். டெஸ்ட் மேட்ச் வந்த பிறகும் அதே வழக்கம் நின்னுச்சு. 1960, 61, 62, 64, 67, 73, 75, 77, 79, 80, 82, 85, 88னு மெட்ராஸ் டெஸ்ட் தேதிகளை எடுத்துப் பாருங்க, எல்லாம் பொங்கலை ஒட்டித்தான் இருக்கும். இது வெறும் பண்டிகை ஆசை மட்டும் இல்ல. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோட முடியும், மார்ச்சுல வெயில் ஏற ஆரம்பிச்சிடும், நடுவுல ஜனவரிதான் அஞ்சு நாள் ஆட்டத்துக்கு இந்த ஊர்ல ஏத்த மாசம்.

முதல் டெஸ்ட் 1934 பிப்ரவரி, ஜார்டின் தலைமையில வந்த இங்கிலாந்தோட. அமர் சிங் முதல் இன்னிங்ஸ்ல 86 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தும் நாம தோத்தோம். அதே வருஷம் நவம்பர் 4, ரஞ்சி டிராஃபியோட முதல் மேட்ச்சும் இங்கதான், மெட்ராஸும் மைசூரும். எம்.ஜே.கோபாலன் முதல் பந்து போட்டார், ஏ.ஜி.ராம் சிங் மேட்ச்ல 11 விக்கெட் எடுத்தார், ஆட்டம் ஒரே நாள்ல முடிஞ்சு போச்சு. ரஞ்சி வரலாற்றோட முதல் பக்கம் எழுதின இடம்ங்கிறதுக்காகவே அந்தக் கிரவுண்டுக்குள்ள செருப்பைக் கழட்டிட்டுப் போகணும்னு எனக்குத் தோணும்.

அப்புறம் 1952 பிப்ரவரி. இந்தியா டெஸ்ட்ல முதல் தடவை ஜெயிச்சது எங்கன்னு யாராவது கேட்டா யோசிக்காம சேப்பாக்கம்னு சொல்லலாம். டெஸ்ட் ஆட ஆரம்பிச்சு இருபது வருஷம் கழிச்சு கிடைச்ச முதல் வெற்றி, அதுவும் இங்கிலாந்து மேல, இன்னிங்ஸும் 8 ரன்னும். வினூ மன்கட் முதல் இன்னிங்ஸ்ல 8, ரெண்டாவதுல 4, மொத்தம் 12 விக்கெட். முதல் இன்னிங்ஸ்ல அவரோட பந்துல மட்டும் கீப்பர் பிரோபிர் சென் 4 ஸ்டம்பிங் பண்ணார். பங்கஜ் ராய் 111, பாலி உம்ரிகர் 130 நாட் அவுட். மேட்ச் ஆரம்பிச்ச அன்னிக்குத்தான் லண்டன்ல ஆறாம் ஜார்ஜ் மன்னர் செத்துப் போனார், அதனால ரெஸ்ட் டேவை மாத்தி அடுத்த நாளே விட்டாங்க. முன்னாடி இந்தியனை பெவிலியனுக்குள்ள விடாத அதே கிரவுண்டுல இந்த வெற்றி வந்ததை நினைச்சா இன்னிக்கும் உடம்பு சிலிர்க்கும்.

இப்ப தாத்தா கேள்விக்கு வர்றேன். 1952ல இப்படி ஜெயிச்ச பிறகு 1956ல இருந்து 1965 வரைக்கும் சேப்பாக்கத்துல ஒரு டெஸ்ட் கூட நடக்கல. ஒன்பது டெஸ்ட்டும் ரிப்பன் பில்டிங்குக்குப் பின்னாடி இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துல நடந்துச்சு, பின்னாடி அதுக்கு நேரு ஸ்டேடியம்னு பேர். இப்ப அதே இடத்துல ஃபுட்பால் நடக்குற ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் இருக்குல்ல, அதோட பழைய வடிவம். ஏன் மாத்தினாங்கன்னா, சேப்பாக்கம் மண்ணு சர்க்காரோடது, கையில வச்சிருந்தது கிளப்பு, டெஸ்ட் மேட்ச் நடத்த வேண்டிய பொறுப்பு மெட்ராஸ் கிரிக்கெட் அசோசியேஷனோடது. அசோசியேஷனுக்குச் சொந்தமா ஒரு செங்கல் வைக்க முடியாத இடம். கூட்டமோ வருஷத்துக்கு வருஷம் ஏறுது. கார்ப்பரேஷன்கிட்ட பெரிய கூட்டம் கொள்ற மாதிரி ஒரு ஸ்டேடியம் தயாரா இருந்துச்சு. இதுல கிளப்பு பிடிவாதம் பிடிச்சதா, அசோசியேஷன் அவசரப்பட்டதான்னு பெரியவங்க ரெண்டு விதமாவும் சொல்லக் கேட்டிருக்கேன், ரெண்டு பக்கமும் தங்களுக்குச் சாதகமாத்தான் சொல்லுவாங்க, அதனால அந்தப் பகுதியைச் சந்தேகத்தோட எடுத்துக்கங்க. மேட்ச் நடந்த இடத்துல மட்டும் எந்தச் சந்தேகமும் இல்ல.

கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தை யாரும் லேசா நினைச்சிடக் கூடாது. 1956 ஜனவரில நியூசிலாந்து மேல மன்கட்டும் பங்கஜ் ராயும் ஓப்பனிங்ல 413 ரன் சேர்த்தது அங்கதான். அந்த உலக ரெக்கார்டு 2008 வரைக்கும், அம்பத்திரண்டு வருஷம் யாராலயும் தொட முடியாம நின்னுச்சு. அதுல மன்கட் அடிச்ச 231தான் ரொம்ப காலத்துக்கு ஒரு இந்தியர் எடுத்த அதிக ஸ்கோர். அதை முறியடிச்சது 1983 டிசம்பர்ல வெஸ்ட் இண்டீஸ் மேல கவாஸ்கர் எடுத்த 236 நாட் அவுட், அது சேப்பாக்கத்துல. ரெக்கார்டு மெட்ராஸை விட்டு வெளிய போகாமலே ஒரு கிரவுண்டுல இருந்து இன்னொரு கிரவுண்டுக்கு மாறி இருக்கு. அன்னிக்கு கவாஸ்கர் ஓப்பனிங் வேணாம்னு நாலாவது ஆளா இறங்கினார், ஆனா மார்ஷல் ரெண்டு பேரை டக்ல அனுப்பிட்டதால ஸ்கோர் சைபருக்கு ரெண்டுல வந்து நின்னார். அது அவரோட 30வது செஞ்சுரி, பிராட்மேனோட 29ஐத் தாண்டின செஞ்சுரி.

உங்க தாத்தா பார்த்த 1962 மேட்ச்சும் சாதாரண மேட்ச் இல்லீங்க. பட்டோடி 103 அடிச்சார், சலீம் துரானி மேட்ச்ல 10 விக்கெட், 128 ரன்ல ஜெயிச்சோம், இங்கிலாந்து மேல இந்தியா ஜெயிச்ச முதல் சீரிஸ் அந்த மேட்ச்லதான் 2-0ன்னு முடிஞ்சது. கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துல அதை நேர்ல பார்த்தவங்க இப்ப எத்தனை பேர் இருப்பாங்க சொல்லுங்க. அவர் சொல்றதை ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி வைங்க, தயவுசெஞ்சு.

1967 பொங்கலுக்கு டெஸ்ட் சேப்பாக்கத்துக்குத் திரும்புச்சு. திரும்பின முதல் நாளே ஃபரூக் இன்ஜினியர் ஹால், கிரிஃபித், சோபர்ஸ் எல்லாரும் இருந்த வெஸ்ட் இண்டீஸை லஞ்சுக்கு முன்னாடி 94 அடிச்சு நின்னார், ஆறு ரன்ல லஞ்ச் செஞ்சுரி போச்சு. அப்புறம் கான்கிரீட் ஸ்டேடியம் எழும்புச்சு, பின்னாடி அதுக்கு கிரிக்கெட் போர்டு தலைவராவும் இருந்த தொழிலதிபர் எம்.ஏ.சிதம்பரம் பேர் வச்சாங்க. பேப்பர்ல அந்தப் பேர் இருக்கும், வாயில வர்றது சேப்பாக்கம்தான். கிளப்பும் எங்கயும் போகல, ஸ்டேடியம் வளாகத்துக்குள்ளயே அவங்க பெவிலியன், அவங்க மெம்பர்ஸ்னு தொடர்ந்துச்சு. வேற பெரிய ஊர் ஸ்டேடியங்கள்ல இந்த மாதிரி ஒரு பழைய கிளப்பு உள்ளயே உக்காந்திருக்கிறது அபூர்வம். இதுதான் பின்னாடி உங்க மூணாவது கேள்வியில வந்து முட்டும்.

அதுக்கு முன்னாடி பிட்ச்சைப் பத்தி கொஞ்சம், ஏன்னா சேப்பாக்கம்னாலே ஸ்பின்னுன்னு எல்லாரும் ஒரே வரியில முடிச்சிடுறாங்க. அது பாதிதான் உண்மை. 1975 பொங்கல்ல ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து நம்மளை 190ல சுருட்டினார், அதுல விஸ்வநாத் மட்டும் 97 நாட் அவுட். அந்த 97ஐ எத்தனையோ டபுள் செஞ்சுரிக்கு மேல வைப்பாங்க, நானும் அப்படித்தான் வைப்பேன். 1979லயும் வெஸ்ட் இண்டீஸோட வேகமான பிட்ச்ல 3 விக்கெட்ல ஜெயிச்சோம். 1985ல இங்கிலாந்தோட நீல் ஃபாஸ்டர்னு ஒரு வேகப்பந்து வீச்சாளர் 11 விக்கெட் எடுத்து நம்மளைத் தோக்கடிச்சார். அந்த மேட்ச்ல ஃபௌலர், கேட்டிங் ரெண்டு பேரும் டபுள் செஞ்சுரி வேற. அதே பிட்ச்சை 1988ல பொடியா ஆக்கிக் குடுத்தாங்க, நரேந்திர ஹிர்வானி முதல் டெஸ்ட்லயே 136 ரன்னுக்கு 16 விக்கெட். அதுக்கு முன்னாடி இருந்த அறிமுக டெஸ்ட் ரெக்கார்டு பாப் மாஸியோட 137க்கு 16, ஒரே ஒரு ரன் வித்தியாசத்துல மாறுச்சு. ஸ்கோர் போடுறவனுக்கு அந்த மாதிரி ஒரு ரன் எவ்ளோ பெருசுன்னு தெரியும். கிரவுண்டு நடுவுல பிட்ச்கள் வரிசையா இருக்கிற சதுக்கத்துல செம்மண் பிட்ச்சும் இருக்கு, கரிமண் பிட்ச்சும் இருக்கு. செம்மண்ல பந்து நல்லா எழும்பி வரும், முதல் நாள் காலையில வேகப்பந்துக்கு ஏதாவது இருக்கும், போகப் போக உடைஞ்சு ஸ்பின் எடுக்கும். கரிமண்ல பந்து நின்னு, தாழ்வா வரும். 2024 செப்டம்பர்ல பங்களாதேஷ் டெஸ்ட் செம்மண்ல ஆடினாங்க, அதனாலதான் முதல் நாள் காலையில நம்ம டாப் ஆர்டர் தடுமாறுச்சு, அப்புறம் அஷ்வின் வந்து 113 அடிச்சு, ரெண்டாவது இன்னிங்ஸ்ல 6 விக்கெட்டும் எடுத்தார். எந்த மண்ணுல ஆடுறாங்கன்னு தெரியாம "சேப்பாக்கம் பிட்ச் இப்படித்தான்"னு யார் சொன்னாலும் கேக்காதீங்க.

கடல் காத்து வந்தா பந்து ஸ்விங் ஆகும்னு ஒரு பேச்சு இருக்கு. மெரினா ஒரு கிலோமீட்டருக்குள்ளதான், மதியத்துக்கு மேல காத்து திரும்புறது கிரவுண்டுல நின்னாலே முகத்துல தெரியும். ஆனா அது ஸ்விங்கைக் கூட்டுதுங்கிறது ஆடினவங்க நம்பிக்கைதானே தவிர, அதை நிரூபிச்ச கணக்குன்னு வச்சுப் பேசக் கூடாது. வெயிலும் ஈரப்பதமும் ஆளைச் சாய்க்கும்ங்கிறது மட்டும் சத்தியம்.

அந்த வெயிலுக்குச் சாட்சி 1986 செப்டம்பர், ஆஸ்திரேலியாவோட ஆடின மேட்ச். பொங்கல் வழக்கத்தை விட்டு செப்டம்பர்ல வச்ச டெஸ்ட். டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கிட்டே 210 அடிச்சு, அவுட் ஆனதும் ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப்ஸ் ஏத்திக்கிட்டார். கபில் தேவ் 119 அடிச்சு ஃபாலோ ஆன் (உடனே மறுபடி பேட் பண்ண வேண்டிய நிலை) ஆகாம காப்பாத்தினார். கடைசி நாள் 348 டார்கெட், கவாஸ்கர் 90, கடைசி ஓவர் கிரெக் மேத்யூஸ், வேணுங்கிறது 4. சாஸ்திரி ரெண்டும் ஒன்னும் எடுத்து ஸ்கோரைச் சமன் பண்ணிட்டார், மனிந்தர் சிங் ஓவரோட அஞ்சாவது பந்துல எல்பிடபிள்யூ. டெஸ்ட் வரலாற்றுலயே ரெண்டாவது டை. மனிந்தர் பேட்ல பட்டுச்சுன்னு கடைசி வரை சொன்னார், அம்பயர் விக்ரமராஜு அவுட்தான்னு உறுதியா நின்னார். அன்னிக்கு பந்து மட்டைல பட்டுச்சான்னு காட்டுற ஸ்னிக்கோவும் கிடையாது ஹாட்ஸ்பாட்டும் கிடையாது, மங்கலான ஒரு டிவி படத்தை வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் கழிச்சு யாரும் தீர்ப்பு சொல்ல முடியாது. நான் அம்பயர் பக்கம், ஏன்னா அந்த நிமிஷத்துல விரலைத் தூக்கிறதுக்கு எவ்ளோ நெஞ்சுரம் வேணும்னு பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன்.

அடுத்த வருஷமே, 1987 அக்டோபர் 9, உலகக் கோப்பை, மறுபடியும் ஆஸ்திரேலியா. டீன் ஜோன்ஸ் அடிச்ச ஒரு பந்து கோட்டுக்கு வெளிய விழுந்துச்சா உள்ள விழுந்துச்சான்னு தகராறு, அம்பயர் ஃபோர் குடுத்திருந்தார். இன்னிங்ஸ் இடைவேளையில ஆஸ்திரேலியா மேனேஜர் கேட்க, கபில் தேவ் சம்மதிச்சு, அது சிக்ஸரா மாறுச்சு, 268 ஸ்கோர் 270 ஆச்சு. நாம 269ல ஆல் அவுட், ஒரு பந்து மிச்சம். கடைசி விக்கெட் அன்னிக்கும் மனிந்தர். புது ஸ்கோரர் பசங்களுக்கு நான் முதல்ல சொல்லிக் குடுக்கிறது இந்த மேட்ச்சைத்தான், ஒரு பவுண்டரி சிக்னலை எழுதிட்டு அம்பயர் கையையே பார்க்கணும்னு.

கூட்டத்தைப் பத்தியும் நீங்க லேசா கேட்டிருந்தீங்க, "ஆட்டம் தெரிஞ்ச கூட்டம்"னு சொல்றது உண்மையான்னு. 1999 ஜனவரி 31, பாகிஸ்தானோட டெஸ்ட், நான் கேலரில இருந்தேன். 271 டார்கெட், முதுகு வலியோட டெண்டுல்கர் 136, இன்னும் 17 ரன், கைல 4 விக்கெட். சக்லைன் பந்துல அவர் அவுட் ஆனதும் அடுத்த நாலு ரன்ல மிச்ச மூணு விக்கெட்டும் போச்சு, 12 ரன்ல தோத்தோம். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, பக்கத்துல ஒரு பெரியவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தார். அப்புறம் யாரோ எழுந்து கை தட்ட ஆரம்பிக்க, மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்னுச்சு, பாகிஸ்தான் டீம் கிரவுண்டைச் சுத்தி வந்து கும்பிட்டுப் போச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி சயீத் அன்வர் 194 அடிச்சப்பவும் இதே கை தட்டல்தான். ஆனா எப்பவும் அப்படித்தான்னு சொன்னா பொய். 2018 ஏப்ரல்ல காவிரிப் போராட்டம் நடந்தப்போ ஐபிஎல் மேட்ச்ல கிரவுண்டுக்குள்ள செருப்பு பறந்துச்சு, மிச்ச சென்னை மேட்ச் எல்லாம் புனேவுக்குப் போயிடுச்சு. கூட்டம்ங்கிறது ஊரோட மனசு, ஊர் கொதிக்கும்போது அதுவும் கொதிக்கும். இன்னிக்கு மஞ்சள் சட்டைக் கூட்டத்துக்கு ஆட்டம் தெரியாதுன்னு என் வயசுக்காரங்க சிலர் சொல்றதையும் நான் ஒத்துக்க மாட்டேன், 2024 டெஸ்ட்ல அஷ்வினுக்குக் கத்தினதுல பாதிப் பேர் அந்தப் பசங்கதான்.

இனி அந்தக் காலி ஸ்டாண்டு. 2011 உலகக் கோப்பைக்காக பழைய கான்கிரீட் கேலரிகளை இடிச்சு, வெள்ளைத் துணிக்கூரை போட்ட புது ஸ்டாண்டுகள் கட்டினாங்க, நடுவுல இடைவெளி விட்டு, கடல் காத்து உள்ள வர்ற மாதிரி. பழைய வட்டத்துல தூண் மறைக்கும், காத்தே வராது, வேர்த்து ஊத்தும், அதை அனுபவிச்சவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும். அதுல ஐ, ஜே, கே ஸ்டாண்டு மூணும் சேர்ந்து ஏறக்குறைய 12,000 சீட்டு. அந்த மூணுக்கும், கட்டடம் விதிப்படி கட்டி முடிஞ்சதுன்னு குடுக்கிற முடிவுச் சான்றிதழ் கிடைக்கல. பக்கத்துலயே கிளப்போட ஜிம் கட்டடம் இருந்ததால ரெண்டுக்கும் நடுவுல விதிப்படி விட வேண்டிய இடம் இல்லங்கிறதுதான் முக்கியமான சிக்கல். கார்ப்பரேஷன் சீல் வச்சுடுச்சு. ஒன்னு ரெண்டு மேட்ச்சுக்குத் தனி அனுமதியில திறந்தது தவிர வருஷக்கணக்கா பூட்டியே கிடந்துச்சு. இதனால ஊர் இழந்தது கொஞ்சம் இல்ல. 2016 டி20 உலகக் கோப்பைல ஆண்கள் மேட்ச் ஒன்னு கூட சென்னைக்கு வரல, பெண்கள் மேட்ச் மட்டும்தான் நடந்துச்சு. 2019 ஐபிஎல் ஃபைனல் இங்க நடக்க வேண்டியது, இந்த மூணு ஸ்டாண்டுனாலயே ஹைதராபாத்துக்குப் போயிடுச்சு. கடைசில ஜிம் கட்டடத்தை இடிச்ச பிறகுதான் தீர்வு வந்துச்சு, 2021 இங்கிலாந்து டெஸ்ட்டுக்கு ஜனங்க மறுபடி அங்க உக்காந்தாங்க. அப்புறம் அண்ணா பெவிலியனையும் கிளப் பெவிலியனையும் இடிச்சுக் கட்டி, 2023 மார்ச்சுல கலைஞர் பேர்ல புது ஸ்டாண்டு திறந்தாங்க, இப்ப சுமார் 38,000 பேர் உக்காரலாம். சட்ட நுணுக்கத்துல யார் பக்கம் நியாயம்னு நான் சொல்ல வரல. ஆனா 1950கள்ல டெஸ்ட்டை ரிப்பன் பில்டிங் பக்கம் அனுப்பின அதே முடிச்சு, சர்க்கார் நிலம், கிளப்பு, அசோசியேஷன், கார்ப்பரேஷன் நாலும் சேர்ந்த முடிச்சு, அறுபது வருஷம் கழிச்சு ஃபைனலை ஹைதராபாத்துக்கு அனுப்பியிருக்கு பாருங்க. இதைத்தான் ஆரம்பத்துல வேர் ஒன்னுன்னு சொன்னேன்.

மத்த நாள்ல அங்க என்ன நடக்குதுன்னா, பெருசா எதுவும் இல்லங்கிறதுதான் உண்மை. ஐபிஎல் ஏழு மேட்ச், 2016ல இருந்து டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கொஞ்சம், ரஞ்சி எப்பவாவது. லீக் மேட்ச் எல்லாம் குருநானக் காலேஜ், ஐஐடி கெம்ப்ளாஸ்ட் மாதிரி வேற கிரவுண்டுகள்லதான். இருபத்தஞ்சு வருஷம் லீக்ல இருந்தும் நான் சேப்பாக்கத்துல உக்காந்து ஸ்கோர் போட்ட நாளை விரல் விட்டு எண்ணிடலாம். 2024 ஜூன்ல பெண்கள் டெஸ்ட் நடந்துச்சே, ஷஃபாலி 205, ஸ்மிருதி 149, இந்தியா 603 அடிச்சு பெண்கள் டெஸ்ட்லயே பெரிய ஸ்கோர் போட்டுச்சு, ஸ்நேஹ் ராணா ஒரே இன்னிங்ஸ்ல 8 விக்கெட். அந்த மாதிரி மேட்ச் இன்னும் நிறைய வரணும், ரஞ்சியும் அதிகமா வரணும், பொங்கலுக்கு ஒரு டெஸ்ட்டும் வரணும். 2013க்கு அப்புறம் சென்னைக்கு வந்த டெஸ்ட்டைப் பாருங்க, 2016 டிசம்பர், 2021 பிப்ரவரி, 2024 செப்டம்பர். 2016ல வர்தா புயல் அடிச்சு நாலு நாள்ல மேட்ச், பிட்ச்சைக் காய வைக்க தட்டுல நெருப்புக் கரி கொண்டு வந்து வச்சாங்க, அதுல கருண் நாயர் 303, நாம 759 அடிச்சோம்ங்கிறது கிரவுண்டு ஊழியர்களோட உழைப்புக்குக் கிடைச்ச மரியாதை. 2004 அக்டோபர்ல அந்த அதிர்ஷ்டம் இல்ல, கும்ப்ளே 13 விக்கெட் எடுத்து, கடைசி நாள் 210 ரன் கைல 10 விக்கெட்னு நின்ன மேட்ச் மழைல ஒரு பந்து கூட போடாம போச்சு. ஜனவரில வச்சிருந்தா ஆடி முடிச்சிருப்பாங்க.

தாத்தாவை அழைச்சுட்டுப் போறதா இருந்தா பறக்கும் ரயில்ல சேப்பாக்கம் ஸ்டேஷன்ல இறங்கினா நடை கம்மி, மேல் அடுக்கு டிக்கெட் மட்டும் எடுக்காதீங்க, படி ஜாஸ்தி. போற வழியில சென்ட்ரல்ல இறங்கி ரிப்பன் பில்டிங் பின்னாடி ஒரு நடை கூட்டிட்டுப் போங்க, அவர் உக்காந்த பக்கம் எதுன்னு கையைக் காட்டிச் சொல்லட்டும். அப்படியே 1964 பொங்கலுக்கும் போனாரான்னு கேளுங்க, பாபு நட்கர்னி இங்கிலாந்துக்கு வரிசையா 21 மெய்டன் ஓவர், அதாவது ரன்னே குடுக்காத ஓவர், போட்டது அதே கிரவுண்டுல. 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன். அதை நேர்ல பார்த்த ஒருத்தர்கிட்ட ரொம்ப நாளா நான் கேக்க நினைக்கிறது, அவ்ளோ நேரம் ரன்னே வராம அந்தக் கூட்டம் என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சுன்னு. அவர் பதில் சொன்னா இங்க எழுதுங்க.